யூபிக்விட்டி ராக்கெட் ப்ரிஸம் ரேடியோவும் 90 டிகிரி செக்டரும்: சென்னை மொட்டை மாடிக்குத் தாங்குமா?

சென்னையின் மின்னணுக் கடைத்தெருவான ரிச்சி தெருவில் போய் "ஏரியாவுக்கு வயர்லெஸ்ஸில் நெட் கொடுக்கணும், பேஸ் ஸ்டேஷன் சாமான் காட்டுங்க" என்று கேட்டால், மேசை மேல் வந்து விழும் பெட்டிகளில் இந்த ஜோடி பெரும்பாலும் இருக்கும். யூபிக்விட்டி நிறுவனத்தின் ராக்கெட் 5ஏசி ப்ரிஸம் ஜென்2 ரேடியோ ஒன்று. அதை முதுகில் சுமந்து, வட்டத்தில் கால் பங்குக்கு மட்டும் அலை வீசும் ஏஎம்-5ஜி20-90 செக்டர் ஆன்டெனா இன்னொன்று. நான்கு ஜோடி வாங்கி நான்கு திசைக்கும் திருப்பி நிறுத்தினால் ஊரைச் சுற்றி ஒரு வட்டம் கிடைக்கும்.

வாங்கலாமா என்றால், வாங்கலாம். 2 கிலோமீட்டர் சுற்றுவட்டாரம், நான்கைந்து மாடிக்கு மேல் போகாத தெருக்கள், ஒரு செக்டருக்கு 25, 30 வீடு என்ற அளவில் சேவை நடத்துபவருக்கு இது நம்பிப் போடக்கூடிய பொருள். ஆனால் பெட்டிக்குள் வருவது பேஸ் ஸ்டேஷனில் பாதிதான். குழாய், சாய்வு, கனெக்டர், எர்த், பேட்டரி என்ற மீதிப் பாதியை வாங்குபவர்தான் கொண்டுவர வேண்டும். "ரேடியோ சரியில்லை" என்று கழற்றப்படும் இடங்களில் போய்ப் பார்த்தால், கோளாறு அந்தக் குழாயைச் சுற்றி மூன்று மீட்டருக்குள் வேறு எங்காவது இருக்கும். அதனால் இந்த மதிப்புரையில் ரேடியோவைவிட அதைச் சுற்றி இருப்பவற்றுக்கே அதிக இடம்.

முதலில் பெயர்க் குழப்பம் ஒன்றைத் தீர்த்துவிடுவோம். ஆன்டெனாவின் பெயரில் உள்ள 5ஜி என்பது 5 கிகாஹெர்ட்ஸ். செல்போன் 5ஜிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. வீட்டு வாடிக்கையாளரிடம் "5ஜி ஆன்டெனா போட்டிருக்கிறோம்" என்று சொல்லி விற்பது தவறு. இந்த ரேடியோ பேசும் ஏர்மேக்ஸ் என்பது யூபிக்விட்டி நிறுவனத்தின் சொந்த முறை. அதே குடும்பத்து லைட்பீம், பவர்பீம், நானோபீம் போன்ற ரேடியோக்கள்தான் வீட்டுப் பக்கத்தில் இணையும். வேறு நிறுவனப் பெட்டியை இதில் கோக்க முடியாது என்பதை வாங்கும் முன்பே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அலைவரிசைக்கு உரிமம் தேவையில்லை என்பதால் எல்லாமே இலவசம் என்று நினைக்கக் கூடாது. இந்தியாவில் 2007இல் 5825 முதல் 5875 மெகாஹெர்ட்ஸ் வரைதான் வெளிப்புறப் பயன்பாட்டுக்குத் திறந்தார்கள். 2018 அக்டோபரில் வந்த விதிகள் 5150இலிருந்து 5350 வரையும், 5470இலிருந்து 5875 வரையும் உரிமம் இல்லாமல் பயன்படுத்த வழி செய்தன. ஆனாலும் ரேடியோவுக்கு மத்திய அரசின் அலைவரிசைப் பிரிவான டபிள்யூபிசியின் வகை ஒப்புதல் இருக்க வேண்டும்; பில்லோடு அந்தச் சான்றையும் கேட்டு வாங்குங்கள். காசு வாங்கி இணைப்பு கொடுப்பவருக்கு இணையச் சேவை உரிமமோ, உரிமம் பெற்றவரோடு முறையான ஒப்பந்தமோ தனியாக வேண்டும். பெட்டியின் மேல் அமெரிக்கப் பதிப்பு என்ற குறி இருந்தால் வாங்காதீர்கள். அதில் நாடு மாற்றும் வசதி பூட்டப்பட்டிருக்கும். இந்திய விதிகளுக்கு அமைக்கவே முடியாது.

சாய்வில்தான் எல்லாரும் சறுக்குகிறார்கள்

இந்த ஆன்டெனாவின் ஈட்டம், அதாவது அலையை ஒரு திசையில் குவிக்கும் திறன், ஏறக்குறைய 20 டிபிஐ. அந்த ஈட்டம் சும்மா வரவில்லை. கற்றையை மேலும் கீழும் நசுக்கி, செங்குத்தாக 4 டிகிரிக்குள் அடக்கியதால் வந்தது. அதோடு 2 டிகிரி கீழ்ச்சாய்வை உள்ளேயே மின்முறையில் வைத்துத்தான் தயாரித்திருக்கிறார்கள். அதாவது ஆன்டெனாவை ரசமட்டம் வைத்து நூல் பிடித்தாற்போல் நிமிர்த்தி நிறுத்தினாலும், கற்றையின் நடு ஏற்கெனவே 2 டிகிரி கீழே பார்த்துக்கொண்டிருக்கும். மேல் விளிம்பு தொடுவானத்தை ஒட்டியும் கீழ் விளிம்பு 4 டிகிரி தாழ்ந்தும் இருக்கும்.

ஒன்பது மாடிக் கட்டடத்தின் லிஃப்ட் ரூம் மேல் 30 மீட்டர் உயரத்தில் ஆன்டெனா, சுற்றியுள்ள வீட்டு மாடிகளில் 10 மீட்டர் உயரத்தில் வாடிக்கையாளர் ரேடியோ என்று வைத்துக்கொள்வோம். இடையில் 20 மீட்டர் இறக்கம். நேராக நிறுத்தினால் கற்றையின் நடு 570 மீட்டர் தூரத்தில் விழும். கீழ் விளிம்பு 285 மீட்டரில் விழும். 2 கிலோமீட்டரில் இருக்கும் வீடு வெறும் அரை டிகிரிதான் கீழே இருக்கிறது. அதுவும் கற்றைக்குள்ளேயே வந்துவிடும். இதுதான் நமக்கு வேண்டிய அமைப்பு.

நடப்பது என்ன? "வீடெல்லாம் கீழே இருக்கு, கொஞ்சம் குனிய வைப்பா" என்று ஒருவர் தரையிலிருந்து சொல்ல, மேலே இருப்பவர் பிராக்கெட்டில் இன்னும் 4 டிகிரி சாய்க்கிறார். இப்போது நடு 6 டிகிரிக்குப் போய்விட்டது. அது விழும் இடம் 190 மீட்டர். மேல் விளிம்பே 285 மீட்டரில் முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் உள்ள எல்லா வீடுகளும் கற்றையின் ஓரச் சிதறலில்தான் ஓடுகின்றன. வாடிக்கையாளர் பக்கம் எவ்வளவு பெரிய டிஷ் வைத்தாலும் இது தீராது. ஆகவே முதல் நிறுவலில் கூடுதல் சாய்வு எதுவும் வேண்டாம். சுழியத்தில் நிறுத்தி, அளந்து பார்த்து, பிறகு அரை டிகிரி அரை டிகிரியாக நகர்த்துங்கள். கட்டடத்தின் காலடியில், 200 மீட்டருக்குள் இருக்கும் வீடுகளுக்காக மொத்தச் செக்டரையும் குனிய வைப்பது வீண் வேலை. அவர்களுக்குக் கேபிள் இழுத்துவிடலாம்.

பிராக்கெட்டில் உள்ள டிகிரிக் கோடுகளையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். அவை குழாயோடு ஒப்பிட்ட கோணத்தைத்தான் காட்டும்; குழாயே கோணலாக இருந்தால் கோடு பொய் சொல்லும். 3 மீட்டர் குழாயின் உச்சி 10 சென்டிமீட்டர் விலகி நின்றாலே 2 டிகிரி போய்விட்டது. அப்போது ஒரு பக்கச் செக்டர் 2 டிகிரி கூடுதலாகக் குனியும், எதிர்ப்பக்கம் இருப்பது 2 டிகிரி வானத்தைப் பார்க்கும். டிஜிட்டல் கோணமானியை ஆன்டெனாவின் முதுகிலேயே வைத்துப் படியுங்கள். திசைக்குச் சாதாரணக் காம்பஸ் போதும்; சென்னையில் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் இடையே 2 டிகிரிகூட வித்தியாசம் இல்லை. குழாயை விட்டு நான்கடி தள்ளி நின்று பாருங்கள், இரும்பு முள்ளை இழுக்கும்.

இன்னொன்று: 90 டிகிரி என்பது சமிக்ஞை 6 டெசிபல் குறையும் விளிம்புவரை கணக்கிட்ட அகலம். இரண்டு செக்டரும் சந்திக்கும் மூலையில் இருக்கும் வீட்டுக்கு நடுவில் இருப்பவரைவிடக் கால் பங்கு சக்திதான் போகும். வாடிக்கையாளர்கள் எந்தப் பக்கம் குவிந்திருக்கிறார்கள் என்று வரைபடத்தில் புள்ளி வைத்துவிட்டு, அந்தக் குவியலின் நடுவை நோக்கி முதல் செக்டரைத் திருப்புங்கள். வடக்கு, கிழக்கு என்று திசை பார்த்து நிறுத்த இது வாஸ்து இல்லை.

சக்தியைக் குறைத்தால்தான் நன்றாக ஓடும்

ராக்கெட் 27 டிபிஎம் (ரேடியோ சக்தியின் அளவு) வரை அனுப்பும். 5725 முதல் 5875 வரையிலான பட்டையில் ஆன்டெனா ஈட்டத்தையும் சேர்த்து 36 டிபிஎம்தான் சட்ட எல்லை. 20 டிபிஐ ஆன்டெனாவுக்கு முன்னால் ரேடியோவை 16 டிபிஎம்மில் வைத்தால் கணக்கு சரி. முழுச் சக்தியில் விட்டால் எல்லையை 11 டெசிபல் தாண்டுகிறீர்கள், பன்னிரண்டு மடங்குக்கும் மேல். வாடிக்கையாளர் பக்கம் 23 டிபிஐ லைட்பீம் என்றால் அங்கே 13.

"குறைத்தால் எட்டாதே" என்ற பயம் வேண்டாம். 5.8 கிகாஹெர்ட்ஸில் 2 கிலோமீட்டர் வெட்டவெளி இழப்பு சுமார் 114 டெசிபல். 36இலிருந்து அதைக் கழித்து, 23ஐக் கூட்டினால் வாடிக்கையாளருக்கு மைனஸ் 55 டிபிஎம் கிடைக்க வேண்டும். 3 கிலோமீட்டரில் மைனஸ் 58. இரண்டுமே தாராளம். கணக்கில் மைனஸ் 55 வர வேண்டிய இடத்தில் மைனஸ் 70 வந்தால், சக்தியைக் கூட்டுவது மருந்து இல்லை. வழியில் ஏதோ மறைக்கிறது, அல்லது கனெக்டரில் கோளாறு, அல்லது சாய்வு தப்பு. சக்தியைக் கூட்டினால் அந்தக் கோளாறு ஒளிந்துகொள்ளும்; உங்கள் செக்டர்களே ஒன்றின் காதில் ஒன்று கத்தத் தொடங்கும்.

நேர்ப்பார்வை என்றால் கண்ணுக்குத் தெரிந்தால் போதும் என்பதும் இல்லை. 2 கிலோமீட்டர் இணைப்பின் நடுவில் கோட்டைச் சுற்றி 3 மீட்டராவது காலியாக இருக்க வேண்டும். சென்னையில் குறுக்கே வருபவை மூன்று: தென்னை மட்டை, தூங்குமூஞ்சி மரம், கறுப்புத் தண்ணீர்த் தொட்டி. தொட்டி காலியாக இருக்கும்போது ஓரளவு ஓடும், மோட்டார் போட்டு நிரப்பியதும் படுத்துவிடும். காலை ஆறு மணிக்கு மட்டும் இணைப்பு போகிறது என்று ஒருவர் புகார் சொன்னால் முதலில் எதிர் மாடித் தொட்டியைப் பாருங்கள்.

குழாயும் காற்றும்

கட்டட வடிவமைப்புக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 875 சென்னைக்கு விதித்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர், மணிக்கு 180 கிலோமீட்டர். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் இந்த நகரத்தின் மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்ததைப் பார்த்தவர்களுக்கு அந்த எண் மிகை என்று தோன்றாது. ஆன்டெனா மணிக்கு 200 கிலோமீட்டர் காற்றைத் தாங்கும் என்கிறது தயாரிப்பாளரின் தாள். நம்பலாம். தாங்காமல் போவது நாம் நடும் குழாய்.

கணக்கு இப்படி: 70 சென்டிமீட்டர் உயரம், 13.5 சென்டிமீட்டர் அகலம் உள்ள ஒரு செக்டரை அந்தக் காற்று 17இலிருந்து 20 கிலோ எடையளவு பக்கவாட்டில் தள்ளும். நான்கு செக்டரும் ஒரே குழாயில் என்றால், பக்கவாட்டில் நிற்பவற்றைப் பாதியாகக் கணக்கிட்டாலும் 60 கிலோவை நெருங்கும். 3 மீட்டர் உயரத்தில் அந்தத் தள்ளல் விழும்போது, 2 இன்ச் மீடியம் கிளாஸ் ஜிஐ குழாயின் அடிப்பாகம் வளையும் நிலைக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. குழாயின் மேலேயே அடிக்கும் காற்றை இன்னும் சேர்க்கவில்லை. எனவே ஒற்றைக் குழாயை 3 மீட்டருக்கு வெறுமனே நிறுத்தாதீர்கள். லிஃப்ட் ரூம் சுவரில் குறைந்தது ஒரு மீட்டர் இடைவெளியில் இரண்டு கிளாம்ப் போட்டு, மேலே நீளும் பகுதியை ஒன்றரை மீட்டருக்குள் வையுங்கள். அதற்கு மேல் வேண்டுமென்றால் மூன்று பக்கமும் ஸ்டே கம்பி, டர்ன்பக்கிளோடு.

ஆங்கர் போல்ட்டைக் கான்கிரீட் தூணிலோ பீமிலோதான் இறக்க வேண்டும். நாலரை இன்ச் கைப்பிடிச் சுவரில் போட்டால் முதல் பெருங்காற்றில் செங்கல்லோடு வரும். தளத்தில் ஓட்டை போடுவது அதைவிட மோசம். நம் மாடிகளில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு, மேலே தட்டோடு பதித்த காப்புத்தளம் இருக்கும். அதில் ஒரு துளை விழுந்தால் ஐப்பசி மழையில் மேல்மாடி வீட்டுக் கூரையில் ஈரம் இறங்கும். அதோடு உங்கள் வாடகை ஒப்பந்தமும் முடிந்தது. சுவர் கிடைக்காத மாடியில், துளையில்லாமல் கான்கிரீட் பீடத்தில் குழாயை ஊன்றி, அடியில் ரப்பர் விரிப்புப் போட்டு நிறுத்துங்கள்.

நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம், திருவான்மியூர் பக்கம் என்றால் உப்புக் காற்று தனிக் கதை. ஆன்டெனாவோடு வரும் போல்ட்களுக்கு மேல் நீங்கள் சேர்க்கும் ஒவ்வொரு நட்டும் 316 வகை ஸ்டெயின்லெஸ் ஆக இருக்கட்டும். 304 வகையில் சீக்கிரமே பழுப்புக் கறை ஏறும். குழாயை வெட்டிய, வெல்டிங் செய்த இடங்களில் துத்தநாகப் பெயிண்ட் இரண்டு கோட் கட்டாயம்.

மழையில் போனால் வானத்தைத் திட்டாதீர்கள்

5.8 கிகாஹெர்ட்ஸ் மழைக்குப் பெரிதாக அசராது. மணிக்கு 100 மில்லிமீட்டர் கொட்டினாலும் கிலோமீட்டருக்கு ஒரு டெசிபல் அளவுதான் விழுங்கும். 2 கிலோமீட்டருக்கு 2 டெசிபல். மைனஸ் 55 மைனஸ் 57 ஆகும், அவ்வளவுதான். மழையில் இணைப்பு அறுந்தால் ஒன்று வழியில் ஈர மரம் இருக்கிறது, அல்லது தண்ணீர் கனெக்டருக்குள் போய்விட்டது.

ரேடியோவிலிருந்து ஆன்டெனாவுக்கு இரண்டு குட்டை ஆர்எஃப் கேபிள்கள் போகின்றன, செங்குத்து முனைவுக்கு ஒன்று, கிடை முனைவுக்கு ஒன்று. இவற்றில் ஒன்றில் ஈரம் ஏறினால் ரேடியோவின் இயக்க மென்பொருளான ஏர்ஓஎஸ் திரையில், இந்த இரு கேபிள்களின் சமிக்ஞையான செயின் 0, செயின் 1 இரண்டுக்கும் நடுவே வித்தியாசம் விரியத் தொடங்கும். 3 டெசிபலுக்குள் இருந்தால் கவலையில்லை. ஒரே ஒரு வாடிக்கையாளருக்கு மட்டும் 10, 12 என்று விரிந்தால் கோளாறு அவர் வீட்டில். அந்தச் செக்டரில் உள்ள எல்லாருக்கும் ஒரே செயின் விழுந்திருந்தால் மேலே ஏறியாக வேண்டும். கழற்றிப் பார்த்தால் நடு ஊசியில் பச்சை பூத்திருக்கும், திருகு வரியில் வெள்ளையாக உப்புப் பொடி ஒட்டியிருக்கும். துடைத்து மாட்டினால் ஒரு வாரம் ஓடும், பிறகு மறுபடி விழும். கேபிளையே மாற்றுங்கள்.

வராமல் தடுப்பது எளிது. திருகைக் கையால் முறுக்கி நிறுத்துங்கள், ஸ்பானர் போட்டால் உள்ளே ஊசி திரும்பிவிடும். தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை அகலம் பாதியாகும்வரை இழுத்து, கீழிருந்து மேலாக, ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றைப் பாதி மூடும்படி சுற்றுங்கள். கூரை ஓடு அடுக்குவது போல மேல் சுற்று கீழ்ச் சுற்றின் மேல் படிய வேண்டும். அதன் மேல் வெயில் தாங்கும் கறுப்பு பிவிசி டேப் ஒரு சுற்று. பிவிசி டேப் மட்டும் போட்டால் சித்திரை வெயிலில் பசை உருகி, ஆடிக் காற்றில் கொடியாகப் பறக்கும். நெட்வொர்க் கேபிள் ரேடியோவுக்குள் நுழையும் முன் ஒரு கை அளவு தொங்கவிட்டு வளைத்து ஏற்றுங்கள். வழியும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும்.

கேபிள், கரண்ட், எர்த்

ராக்கெட் கேட்பது 24 வோல்ட் பாசிவ் பிஓஇ, அதாவது நெட்வொர்க் கேபிள் வழியாகவே போகும் மின்சாரம். அலுவலகங்களில் இருக்கும் 48 வோல்ட் பிஓஇ ஸ்விட்சை இதற்கென்று நம்பி வாங்கிவிட வேண்டாம். ரேடியோவுக்கான 24 வோல்ட் அடாப்டரையோ அதற்கேற்ற ஸ்விட்சையோதான் பயன்படுத்த வேண்டும். 24 வோல்ட் என்பது நீளமான கேபிளுக்குக் குறைந்த அழுத்தம் என்பதால் கேபிளின் தரம் உடனே தெரிந்துவிடும். முழுச் செம்புக் கேபிளில் 60 மீட்டருக்குப் போக வர 5 ஓம். 9 வாட் இழுக்கும் ரேடியோவுக்கு 2 வோல்ட் விழும். மலிவாகக் கிடைக்கும், அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசிய கேபிளில் 3 வோல்ட்டுக்கு மேல் விழும். மதிய வெயிலில் இன்னும் கூடும். ரேடியோ காரணமில்லாமல் ரீஸ்டார்ட் ஆகிறது என்ற புகாரின் வேர் பல நேரம் இதுதான். வாங்கும்போது ஒரு கம்பியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக மின்னினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கேபிள் கவசமிட்ட வெளிப்புற வகையாகவும், கவசத்தோடு ஓடும் ட்ரெயின் கம்பி இரு முனையிலும் உலோக ஆர்ஜே45 உடலைத் தொடுமாறும் இருக்க வேண்டும். அந்தக் கவசம் அடாப்டரின் மூன்றாவது பின் வழியாகத்தான் எர்த்துக்குப் போகிறது. மாடி சாக்கெட்டில் எர்த் உண்மையில் இருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பாருங்கள்: ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 230 அளவு, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே இரண்டு மூன்று வோல்ட்டுக்குள். பழைய கட்டடங்களில் அந்த மூன்றாவது துளை வெறும் துளையாகவே இருப்பது உண்டு.

ரேடியோவுக்குப் பக்கத்தில், திடீர் மின்னழுத்தத்தை எர்த்துக்குத் திருப்பும் சர்ஜ் அரெஸ்டர் ஒன்று, கேபிள் கட்டடத்துக்குள் நுழையும் இடத்தில் இன்னொன்று. 10/100 வகையை வாங்கிவிட்டால் கிகாபிட் போர்ட் 100லேயே நிற்கும். அரெஸ்டரிலிருந்து குழாய்க்குப் போகும் பச்சைக் கம்பி ஒரு சாணுக்கு மேல் நீளக் கூடாது. குழாய்க்கு மேல் ஒரு மீட்டர் உயர இடிதாங்கி முனை, அங்கிருந்து 25க்கு 3 மில்லிமீட்டர் ஜிஐ பட்டை கட்டடத்தின் வெளிப்புறமாக, வளைவில்லாமல், தனி எர்த் குழிக்கு. அந்தக் குழியைக் கட்டடத்தின் மின்சார எர்த்தோடு அடியில் இணைத்தே ஆக வேண்டும். இணைக்காவிட்டால் இடி விழும் நொடியில் இரண்டு எர்த்துக்கும் நடுவே எழும் மின்னழுத்தம் உங்கள் ஸ்விட்ச் வழியாகப் பாயும்.

எர்த் தடையை அளக்கும் மெகரில் 5 ஓமுக்குக் கீழே வருவது நல்லது. வேளச்சேரி, பள்ளிக்கரணைச் சேற்று நிலத்தில் 3 மீட்டர் ராடு ஒன்றிலேயே வந்துவிடலாம். பல்லாவரம், திரிசூலம், பரங்கிமலைப் பக்கம் கதை வேறு. சார்னோக்கைட் பாறைக்குப் பேர்போன பூமி. ராடு இரண்டடியில் முட்டி நிற்கும். அங்கே ஆழத்தை விட்டுவிட்டு, ஈரம் பிடிக்கும் பென்டோனைட் களிமண் நிரப்பிய பள்ளத்தில் பட்டையைக் கிடையாகப் புதைப்பதுதான் வழி. அளவை மே மாதத்தில் எடுங்கள். மழைக்காலத்தில் எடுத்த எண் உங்களை ஏமாற்றும்.

பேட்டரிக்குக் கணக்கு: நான்கு ரேடியோ 36 வாட், ஸ்விட்ச் 10, மாடிக்கு இணையத்தைக் கொண்டுவரும் பேக்ஹால் இணைப்பு 15, மொத்தம் 60 வாட் அளவு. 12 வோல்ட் 100 ஆம்பியர் டியூபுலர் பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்காமல் ஓட்டினால், இன்வெர்ட்டர் இழப்புபோக எட்டு மணி நேரம் சுமாராகத் தாங்கும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் தென் சென்னையின் பல பகுதிகளில் நாள் கணக்கில் கரண்ட் இல்லை. அதற்கு எட்டு மணி நேரம் பத்தாது. ஜெனரேட்டர் கொண்டுவந்து சொருக மாடிப்படி ஓரத்தில் ஒரு சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச் முன்பே போட்டு வையுங்கள். பேட்டரியை வெள்ளம் புகும் கார் நிறுத்துமிடத்தில் வைக்கவே வேண்டாம்.

அலைவரிசையும் இயக்கிப் பார்த்தலும்

ஆன்டெனாவின் எல்லை 5850 மெகாஹெர்ட்ஸில் முடிகிறது. சட்டம் 5875 வரை தந்தாலும் கடைசி 25 மெகாஹெர்ட்ஸ் இதற்கு இல்லை. இது ஒரு குறைதான். 36 டிபிஎம் தரும் 5725 முதல் 5850 வரையிலான 125 மெகாஹெர்ட்ஸில் 20 மெகாஹெர்ட்ஸ் சேனல் நான்கு, இடையில் இடம் விட்டு உட்காரும். 80 மெகாஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுத்து வேகம் காட்ட ஆசைப்பட்டால் ஒரு செக்டரே பட்டையைத் தின்றுவிடும். இரைச்சல் தளமும் 6 டெசிபல் ஏறும். அடுக்குமாடி வீட்டு ரூட்டர்கள் 5745 முதல் 5805 வரை நெரிசலாக உட்கார்ந்திருக்கும் என்பதால், ரேடியோவின் அலைவரிசை ஸ்கேனரான ஏர்வியூவில் பார்த்தால் 5830க்கு மேல் ஓரளவு அமைதி தெரியும். அதை வாடிக்கையாளர் அதிகமுள்ள செக்டருக்குக் கொடுங்கள். ஏர்வியூவைப் பகல் 11 மணிக்குப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், இரவு 9 மணிக்குப் பாருங்கள்.

ஜென்2வின் பெரிய பலம் ஜிபிஎஸ் ஒத்திசைவு. நான்கு செக்டரும் ஒரே நொடியில் அனுப்பி, ஒரே நொடியில் கேட்கும். எதிரெதிர் செக்டர்களுக்கு ஒரே சேனலைக் கொடுத்து நான்கு வேலையை இரண்டு சேனலில் முடிக்கலாம். இதற்கு ரேடியோ திறந்த வானத்தைப் பார்க்க வேண்டும். தொட்டி மேடைக்கு அடியில் மாட்டினால் செயற்கைக்கோள் பிடிக்காது. நான்கிலும் ஒரே ஃபர்ம்வேர், ஒரே சட்டக நேரம், ஒரே பதிவேற்ற-பதிவிறக்க விகிதம் இருந்தால்தான் ஒத்திசைவுக்கு அர்த்தம் உண்டு.

மேலே ஏற்றும் முன் கீழே மேசையில் நான்கையும் ஒரு நாள் முழுக்க ஓடவிடுங்கள். தொடக்க முகவரி 192.168.1.20. ஃபர்ம்வேர் ஏற்றம், நாடு இந்தியா, கடவுச்சொல், நிர்வாகத்துக்குத் தனி விலேன் (பிரித்து வைத்த உள்வலை), வாடிக்கையாளர்களை ஒருவருக்கொருவர் மறைப்பது, நேர சர்வர் எல்லாவற்றையும் அங்கேயே முடித்து, ஒவ்வொன்றின் மேலும் செக்டர் எண்ணை எழுதி ஒட்டிவிடுங்கள். ஏற்றியபின் ஒரு சோதனை லைட்பீமைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு செக்டரிலும் மூன்று இடத்துக்குப் போங்கள்: 300 மீட்டர், 1 கிலோமீட்டர், 2 கிலோமீட்டர். ஒவ்வொரு இடத்திலும் கணக்கு சொன்ன அளவு, வந்த அளவு, இரு செயின் வித்தியாசம், இரைச்சல், மாடுலேஷன் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். 5 டெசிபலுக்கு மேல் விலகினால் காரணம் தெரியும்வரை வாடிக்கையாளரை ஏற்றாதீர்கள். 20 மெகாஹெர்ட்ஸில் உச்ச எண் 173 எம்பிபிஎஸ். கைக்கு வருவது இரு திசையும் சேர்த்து 110, 120. அதைப் பகிர்ந்துதான் 25, 30 வீடு. ஒரு வீட்டுக்கு 100 எம்பிபிஎஸ் என்று விளம்பரப் பலகை வைக்க இந்தப் பெட்டி இடம் தராது. அந்தத் தெருவில் ஃபைபர் வந்துவிட்டால் போட்டியிடவும் முடியாது. ஃபைபர் இழுக்க இடமில்லாத சந்துகள், வடகிழக்குப் பருவமழையை ஒட்டிச் சாலை வெட்ட அனுமதி கிடைக்காத மாதங்கள், கட்டுமானத் தளங்கள், பண்ணை வீடுகள், சிசிடிவி கேமரா, ஃபைபருக்கு மாற்று வழி, இவைதான் இதன் இடம். ஐஐடி மெட்ராஸில் 1990களில் உருவான கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொலைபேசி முறை இதே வேலையை 35 கிலோபிட் வேகத்தில் செய்தது. செப்புக் கம்பி போகாத இடத்துக்குக் காற்றில் போவது இந்த ஊருக்குப் புதிதில்லை.

ஒப்படைக்கும் நாளில் நிறுவும் குழுவிடமிருந்து வாங்க வேண்டிய தாளில் நான்கு செக்டரின் திசை, சாய்வு, அதிர்வெண், சக்தி, எர்த் அளவு, பன்னிரண்டு இடத்துச் சோதனை எண்கள் எல்லாம் இருக்க வேண்டும். அந்தத் தாள் இல்லாமல் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள். கூடவே ஒரு ரேடியோ, ஒரு அடாப்டர், இரண்டு ஆர்எஃப் கேபிள், ஒரு சுருள் ரப்பர் டேப் உதிரியாகக் கையில் இருக்கட்டும். செப்டம்பர் கடைசி வாரத்தில் ஒருவரை மேலே ஏற்றி ஸ்டே கம்பியை இறுக்கி, எட்டு ஆர்எஃப் கேபிள்களின் பதினாறு கனெக்டர் டேப்பையும் விரலால் அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். மெத்தென்று அமுங்குவதை அன்றே பிரித்துச் சுற்ற வேண்டும்.